பக்கத்து நாற்காலிக்காரர் சாப்பிட்டு முடிக்கும் வரை

1

ராமென் என்றால் என்னவென்று அக்கா போனில் கேட்டாள். அக்கா குடவாசலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் அவளுக்குப் போன் போடுவேன். முந்தின நாள் என்ன சாப்பிட்டாய் என்று அவள் கேட்பாள், நான் சொல்வேன். பிறகு அவள் என்ன சமைத்தாள் என்று சொல்வாள். எங்கள் பேச்சில் பாதி இதுதான்.

ஜப்பான்காரர்களின் சாப்பாடு என்று விளக்கினேன். கோழி எலும்பை நாள் முழுக்கக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் நூடுல்ஸைப் போட்டு, மேலே பாதி வெந்த முட்டையும் வெங்காயத் தாளும் வைத்துக் கொடுப்பார்கள் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "உடம்பு ஏதும் சரியில்லையா தம்பி?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஓர் ஆண்பிள்ளை மத்தியான நேரத்தில் சோற்றை விட்டுவிட்டுச் சூப்பைக் குடிக்கிறான் என்றால் அவனுக்குக் காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை. ராமென் பிடித்துப்போய் நான் சாப்பிட ஆரம்பிக்கவும் இல்லை. என் மகள் ஜெனி அந்தக் கடையில் சனிக்கிழமைகளில் வேலை செய்தாள், அதனால் சாப்பிட்டேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை. காலேஜுக்குப் போகப்போகிற பெண் ஓட்டலில் வேலை செய்கிறாளா என்று அவள் வருத்தப்படுவாள்.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு பதின்மூன்று வருடம் முடிகிறது. இங்கே லீட்ஸ் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. படுக்கை விரிப்புகள் மலைபோல வரும். வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்ப வேண்டும். இயந்திரங்கள் போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. கூட வேலை பார்ப்பவர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது.

2

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். குடவாசலில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். அப்பா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்த நிலம் கொஞ்சம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று ஆன வருடங்களில் அதையும் விட்டுவிட்டோம். என் வயதுப் பையன்கள் சிங்கப்பூர் என்றும் துபாய் என்றும் கிளம்பினார்கள். உரக்கடைக்கு எதிரிலேயே ஒருவர் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்கும் கடை போட்டார். எங்கள் கடையை விட அங்கேதான் கூட்டம். நான் போகவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

போனது என் மனைவி அமலாதான். தஞ்சாவூரில் நர்ஸாக இருந்தவள். ஆங்கிலப் பரீட்சை எழுதி இங்கே வேலை வாங்கினாள். ஒரு வருடம் கழித்து நானும் குழந்தையும் அவளுடைய விசாவின் கீழ் வந்தோம். உரக்கடைக்கு வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். "மாப்ள, பொண்டாட்டி விசாவுல போறியாமே. வழியில கைய விட்டுடாத, தொலைஞ்சு போயிடுவ" என்றார் ஒருவர். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் என் பயமும்.

நம் வழக்கப்படி எங்கள் மூவருக்கும் வேறு வேறு குடும்பப் பெயர். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். ஜெனியின் பெயருக்குப் பின்னால் என் பெயர். அமலாவுக்கு அவள் அப்பா பெயர். நமக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. இங்கே விமான நிலையத்தில் இருந்த அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இது உங்கள் குழந்தைதானா என்று கேட்டார். பிறப்புச் சான்றிதழ் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி எங்கேயோ இருந்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. சொல்ல வேண்டிய வார்த்தை 'ஆமாம்' ஒன்றுதான், அதுவும் வரவில்லை. அவர் மேசைக்கு மேல் குனிந்து குழந்தையிடமே கேட்டார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர் என்ன கேட்கிறார் என்று எப்படியோ புரிந்துகொண்டு, என் விரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "எங்க அப்பா" என்றாள். அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில், பல் ஆஸ்பத்திரியில், நூலகத்தில் என்று எத்தனையோ இடங்களில் இதே கேள்வி. முதலில் அமலா விளக்கினாள். ஜெனிக்கு விவரம் தெரிந்ததும் அவளே விளக்கத் தொடங்கினாள். அவள் பேசும் வேகத்துக்கு எனக்குப் பாதிதான் புரியும். என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்பேன்.

3

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை ஒன்று இருக்கிறது, நான்கு நாற்காலிகளுடன். அதில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது கிறிஸ்துமஸுக்குத்தான் இருக்கும். அமலாவுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நான் விடியற்காலையில் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்புவேன். ஜெனி பள்ளியிலிருந்து வந்ததும் தட்டில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

சின்ன வயதில் என்னோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டாள். வேகமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, நான் பாதியில் இருக்கும்போதே எழுந்து ஓடுவாள். குழந்தைதானே என்று விட்டேன். கொஞ்சம் வளர்ந்ததும் முடிப்பதற்கு முன்னாலேயே எழுந்தாள். அப்புறம் உட்காருவதே இல்லை. எந்த நாளில் இது நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் பார்த்தபோது மேசையில் என் தட்டு மட்டும் இருந்தது.

அவள் என்னிடம் பேசுவது ஆங்கிலத்தில். நான் தமிழில் பதில் சொல்வேன். கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு வருவாள். அமலா அவளைத் திட்டுவது தமிழில் என்பதால் இருக்கலாம். அவள் தமிழில் பேசாத நாட்களில், பரவாயில்லை, நம் மேல் கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் வீடு ரொம்ப அமைதியாக இருக்கும்.

4

பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் அவள் இந்த வேலைக்குச் சேர்ந்தாள். நகரத்தின் நடுவில், பழைய கிடங்கு ஒன்றை மாற்றி, உள்ளே பல நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். நடுவில் நீள மேசைகள். ராமென் கடையில் மட்டும் கடையை ஒட்டியே நீளமான பலகையும், அதன் முன்னால் உயரமான நாற்காலிகளும் உண்டு. அங்கே உட்கார்ந்தால் உள்ளே வேலை செய்கிறவர்களைப் பார்க்கலாம்.

எப்படிப்பட்ட இடம் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் போனேன். கல்லாவில் இருந்த பையன் ஏதோ கேட்டான். ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டான். இங்கே சாப்பிடவா, எடுத்துக்கொண்டு போகவா என்று அப்போதுதான் புரிந்தது. 'டேக் அவே' என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இங்கேயே சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிய கிண்ணத்தில் கொடுக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்துப் பலகையைத் துடைப்பதும் ஜெனியின் வேலை. நான்கு பேர் பார்க்க, என் எச்சில் கிண்ணத்தை என் மகள் எடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டேக் அவே என்றால் அட்டைப் பெட்டி. சாற்றைத் தனி டப்பாவில் தருவார்கள், நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் நானே குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம்.

ஆனால் எடுத்துக்கொண்டு எங்கே போவது? வீட்டுக்குக் கொண்டுபோனால் அவளைப் பார்க்க முடியாது. அதனால் பலகையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆவிக்கு நடுவில் ஜெனி தெரிந்தாள். என்னைப் பார்த்ததும் புருவத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினாள். கூட வேலை செய்த பெண்ணிடம் என்னைக் காட்டி எதுவும் சொல்லவில்லை. சரி, சொல்ல விரும்பவில்லை என்று புரிந்துகொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கு அடுத்ததும் போனேன்.

அங்கே எனக்கு ஒன்று நடந்தது. இந்த நாட்டில் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் எதிரில் ஒரு முகம் இருக்கும், அல்லது யாருமே இருக்க மாட்டார்கள். ராமென் கடையில்தான் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து, தோளோடு தோள் இடிக்க, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பரிமாறுகிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கல்யாணப் பந்திக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. தலைக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கலாம், உடம்புக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துப் பந்தியில் ஒரு முறை உண்டு. உங்கள் இலை காலியாகிவிட்டது என்பதற்காக எழுந்துவிடக் கூடாது. வரிசையில் கூட உட்கார்ந்தவர்கள், முக்கியமாகப் பக்கத்து இலைக்காரர், முடிக்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிடுகிறவரைத் தனியாக விட்டுவிட்டு எழுந்தால், தான் ஒருவன் மட்டும் தின்றுகொண்டிருக்கிறோமே என்று கூச்சப்பட்டு அவர் அரை வயிற்றோடு எழுந்துவிடுவார். அதனால் கை காய்ந்தாலும் காத்திருப்போம்.

என் பெரியப்பா ஒருவர் இருந்தார். பல் அதிகம் கிடையாது, பாயசத்தின் மேல் ஆசை அதிகம். அவர் உட்கார்ந்த பந்தி சீக்கிரத்தில் முடியாது. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து முதுகில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். "பெரியவரு முடிக்கிறதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்குப் புள்ளை பொறந்துடும்" என்று யாராவது சொல்வார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பொறக்கட்டும், அதுக்கும் ஒரு இலை போடு" என்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும், ஆனால் ஒருவரும் எழ மாட்டார்கள்.

அந்தப் பழக்கத்தில்தான் நான் ராமென் கடையிலும் உட்கார்ந்திருந்தேன். என் பெட்டி காலியாகிவிடும். மூடி முன்னால் வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் முடிப்பதற்காகக் காத்திருப்பேன். அவரை நேராகப் பார்க்கக் கூடாது, அது மரியாதை இல்லை. அதனால் நேராகக் கடைக்குள்ளே பார்ப்பேன். ஜெனி நூடுல்ஸை அரிகூடையில் அள்ளி உதறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே உதறலில் தண்ணீர் வடிந்துவிடும், கெட்டிக்காரி. சில நாள் பக்கத்தில் இருப்பவர் முடிப்பதற்குள் அவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து உட்கார்ந்து தொடங்கிவிடுவார். பந்தி என்றால் ஒரே நேரத்தில் தொடங்கும், ஒரே நேரத்தில் முடியும். இந்தப் பந்தி முடியவே முடியாது. எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

5

மழை பெய்த ஒரு சனிக்கிழமை. என் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். ஒரு வாய் சாப்பிடுவார், போனைப் பார்ப்பார், மறுபடி ஒரு வாய். நான் எப்போதோ முடித்துவிட்டேன். அவர் கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது. அதற்கு முந்தின வாரமும் அவர் என் பக்கத்தில்தான் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு முகம் நினைவில்லை, நான்தான் பார்க்கவே இல்லையே.

அவர் எழுந்து கல்லாவுக்குப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். கடையைப் பார்த்துக்கொள்கிறவன் டேனி என்று ஓர் இளைஞன். செம்பட்டைத் தாடி, நல்ல உயரம், தன்மையான பையன். அவன் என்னிடம் வந்து, சார், யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

யாருக்காக என்றான்.

ஒருவரை விரலால் சுட்டுவது மரியாதைக் குறைவு என்று, உள்ளங்கையை விரித்து அந்தப் பெண்ணைக் காட்டினேன். இவருக்காக என்றேன்.

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அவர் மேல் தப்பே இல்லை. என் மகள் பக்கத்தில் ஒருவன் இப்படி உட்கார்ந்துகொண்டு, உனக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று சொன்னால் நான் என்ன நினைப்பேன்? விளக்கிச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பந்தி என்பதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? விமான நிலையத்தில் ஆனதுபோலவே நாக்கு ஒட்டிக்கொண்டது.

டேனியின் முகம் மாறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. என்னை ஓரமாக வரச் சொன்னான். சில வாரங்களாக நான் சாப்பிட்டு முடித்த பிறகும் உட்கார்ந்துகொண்டு உள்ளே வேலை செய்யும் பெண்ணையே பார்ப்பதாகக் கடையில் பேசிக்கொள்கிறார்கள் என்றான். பிறகு உள்ளே கையைக் காட்டிக் கேட்டான். அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?

ஜெனி கையில் அரிகூடையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பலகையில் இருந்த எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். இத்தனை வாரத்தில் அவள் யாரிடமும் என்னை அப்பா என்று சொன்னதில்லை. இப்போது, இந்த நிலைமையில், இந்த ஆளுக்குப் பிறந்த பெண் என்று அவள் நிற்க வேண்டுமா என்று தோன்றியது.

தெரியாது என்றேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, கோட்டைக்கூட மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பெட்டியைப் பலகையிலேயே விட்டுவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, நல்ல காரியம் செய்தோம், பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் வீடு வரைக்கும் வந்து சேர முடிந்தது.

6

ஜெனி வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அமலாவும் வீட்டில் இருந்தாள். ஜெனி செருப்பைக் கழற்றாமலே சமையலறைக்கு வந்தாள்.

"தெரியாதுன்னு சொன்னீங்க."

தமிழில் சொன்னாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதாம்மா."

"எனக்கு என்ன கஷ்டம்? நீங்க போன உடனே நான் டேனிகிட்ட சொல்லிட்டேன், அது எங்க அப்பான்னு. அவன் நம்பல. அப்பான்னா அவரு ஏன் இல்லன்னாருன்னு கேட்டான். நான் என்ன சொல்றது?"

நீ முன்னாலேயே அவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே பேசியதில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தன.

"நீங்கதான் மூலையில போயி ஒளிஞ்சு உக்காந்தீங்க. ஒரு நாளாச்சும் என்கிட்ட வந்து ஆர்டர் குடுத்தீங்களா? எல்லாருக்கும் கிண்ணத்துல குடுக்கிறேன், உங்களுக்கு மட்டும் டப்பா. நான் அங்க வேலை பார்க்கிறது உங்களுக்கு வெக்கம்னு நெனச்சேன். அதான் யார்கிட்டயும் சொல்லல."

இப்படி ஒன்றை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நான் ஒதுங்கியிருந்தேன், நான் அவளைப் பார்த்து வெட்கப்படுகிறேன் என்று அவள் புருவத்தைத் தூக்குவதோடு நிறுத்திக்கொண்டாள். அத்தனை சனிக்கிழமையும் நாலடி தூரத்தில் நின்று இதைத்தான் இரண்டு பேரும் செய்திருக்கிறோம்.

அமலா எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்படி எதற்காகத்தான் அங்கே அவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் முடிக்கவில்லை, அதனால் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவளும் எங்கள் பக்கத்துப் பெண்தான், ஊர் திருவையாறு. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வெள்ளைக்காரி எலையை மடிக்கலன்னு உக்காந்திருந்தீங்களா? ஊர்லேருந்து கொண்டு வர வேற ஒண்ணும் கெடைக்கலையா உங்களுக்கு?" என்றாள். ஜெனிக்குப் புரியவில்லை. அமலா அவளை உட்காரவைத்து, பெரியப்பாவின் பாயசம் முதல் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெனி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். ஆனால் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

7

அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. பந்தி விஷயத்தைக் கேட்டதும் டேனி நம்பிவிட்டான், வரச்சொன்னான் என்று ஜெனி ஒரு முறை சொன்னாள். பார்க்கலாம் என்றேன். சனிக்கிழமைகளில் வீட்டிலேயே மோர்க்குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். அவளுக்குக் கிளாஸ்கோவில் காலேஜ் கிடைத்தது. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். வீட்டில் பெட்டிகள் சேர்ந்துகொண்டே வந்தன. அவளோடு சரியாகப் பேசிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அவள் மாடியில் இருப்பாள், நான் கீழே இருப்பேன். இந்த வீட்டை விட்டு அவள் அந்த 'தெரியாது' என்ற சொல்லோடு போய்விடக் கூடாது என்ற எண்ணம் ஒன்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை எடுத்துவிட எனக்கு வழி தெரியவில்லை.

அக்காவிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டல் வேலையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பந்தி விஷயத்துக்குத்தான் வருத்தப்பட்டாள். "இங்க இப்ப யாருடா காத்துக்கிட்டு இருக்கா? போன மாசம் நம்ம பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல பஃபேதான். ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கிட்டு நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போறாங்க. நீ எதைப் புடிச்சுக்கிட்டு அங்க உக்காந்திருக்க?" என்றாள். அவளுடைய இரண்டு பையன்களும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். நீயும் அத்தானும் சேர்ந்துதானே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் டிவி முன்னால், நான் அடுப்படியில் என்றாள்.

ஜெனி கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை அவளுக்குக் கடைசி ஷிப்ட். முதல் நாள் மாடிப்படியில் நின்றபடி, "நாளைக்கு மூணு மணிக்கு வாங்க. டேக் அவே கெடையாது" என்றாள். தமிழில்தான் சொன்னாள். கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

போனேன். டேனி வெளியே வந்து கை கொடுத்தான். ஜெனியின் அப்பா என்று உள்ளே இருந்தவர்களிடம் சொன்னான். அன்றைக்கு நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அதைச் சொன்னேன். அவள் என் மகள், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றேன். ஜெனி காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பலகையில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனி திரும்பவில்லை. ஆனால் அவள் கை நின்றது தெரிந்தது.

மூன்று மணிக்கு அவள் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, இரண்டு கிண்ணங்களோடு இந்தப் பக்கம் வந்தாள். ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துச் சாப்பிட்டோம். அதிகம் பேசவில்லை. கிளாஸ்கோவில் இதைவிடக் குளிருமாமே என்றேன், ஆமாம் என்றாள். முட்டையைக் கடைசியில் சாப்பிட வேண்டும் என்றாள், சரி என்றேன்.

அவள் எப்போதும்போல வேகமாக முடித்துவிட்டாள். குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தாள். என் கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருந்தது. நான் அவள் எழுந்திருப்பாள் என்று காத்திருந்தேன். அவள் எழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நேராகக் கடைக்குள்ளே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நூடுல்ஸை ஒவ்வொரு இழையாக எடுத்தேன். முட்டையை முள்கரண்டியால் சின்னச் சின்னதாக வெட்டினேன். சாற்றைக் கரண்டி நுனியில் தொட்டுத் தொட்டுக் குடித்தேன். இது தீரும் வரைக்கும் அவள் உட்கார்ந்திருப்பாள். தீராமல் வைத்திருக்க என்ன செய்யலாம் என்று பார்த்தேன். அவ்வளவு மெதுவாக நான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை.

அப்போது வாசல் பக்கம் கவனித்தேன். அவள் வயதுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவளை வழியனுப்ப எங்கேயோ கூட்டிப்போக வந்திருக்கிறார்கள் போல. ஒரு பெண் கையை ஆட்டினாள். ஜெனியின் போன் பலகையில் ஒளிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடியும் அதிர்ந்தது. அவள் அசையவில்லை. என் கிண்ணத்தையும் பார்க்கவில்லை, வாசலையும் பார்க்கவில்லை. கால் மட்டும் நாற்காலிக் கம்பியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, மிச்சம் இருந்ததை ஒரே மூச்சில் குடித்தேன்.

"முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா. நீ கெளம்பு" என்றேன்.